அறுபதை ஒட்டிய வயதில் கிட்டார் பழகுவோருக்கு

பணி ஓய்வுக்குப் பிறகு கிட்டாரைக் கையில் எடுப்பவருக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் இல்லாத ஒரு செல்வம் உண்டு. நாற்பது ஆண்டுகளாக வானொலியிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் பாட்டுக் கேட்டுப் பழகிய காது அவருடையது. ஒரு சுரம் சற்றே விலகினாலும் அந்தக் காது உடனே கண்டுபிடித்துவிடும். கை மட்டும் புதியது. தன் கையில் பிறக்கும் கரகரப்பைத் தன் காதே தாங்க முடியாமல், "நமக்கு இது வராது" என்று மூன்றாம் மாதத்தில் கிட்டாரைப் பையில் போட்டு மூடிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலூரில் சத்துவாச்சாரியிலும் காட்பாடி காந்தி நகரிலும் என்னிடம் பழக வருகிறவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் கணக்குப் பார்த்தவர்கள் எனப் பலரும் உண்டு. இவர்களில் முன்னேறியவர்களுக்கும் விட்டுவிட்டவர்களுக்கும் இடையே இசை ஞானத்தில் பெரிய வேறுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முன்னேறியவர்கள் நாள்தோறும் சிறிது நேரம் வாசித்தார்கள். வாசித்ததைத் தங்கள் காதாலேயே சோதித்துத் திருத்திக்கொண்டார்கள். அந்தச் சிறிது நேரத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதே இங்கே சொல்லப்படுகிறது. வலக்கையால் மீட்டுகிறவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

கருவியைக் கைக்கு ஏற்றதாக்குதல்

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் பெரியவர்களுக்கு வாய்க்கும் முதல் கிட்டார் பெரும்பாலும் மகனோ மகளோ கல்லூரிக் காலத்தில் வாங்கி, வேலை கிடைத்துப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போனபோது பரணில் விட்டுச் சென்ற கிட்டாராகவே இருக்கும். அதை இறக்கித் தூசி தட்டி அப்படியே வாசிக்கத் தொடங்க வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் பல கோடைகளைக் கழித்த கிட்டாரில் பசை இளகி, தந்திகளின் இழுப்பில் பிரிட்ஜ் எனப்படும் அடிக்கட்டை பலகையிலிருந்து சற்றே எழும்பியிருக்கக்கூடும். ஒரு தாளின் விளிம்பைப் பிரிட்ஜின் பின்புறத்தில் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே நுழைந்தால் தந்திகளைத் தளர்த்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது தந்தியின் உயரம். இதற்கு அளவுகோல் தேவையில்லை. எண்கள் புடைக்காத மூன்று பழைய ஏ.டி.எம். அட்டைகள் போதும். ஓர் அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர் என்பதால் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் வரும். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்குப் பட்டைகளால் பிரிக்கப்பட்ட கட்டங்களே ஃபிரெட்டுகள்) உலோகப் பட்டைக்கும் ஆறாம் தந்திக்கும் (எல்லாவற்றிலும் தடித்தது) இடையே அந்த மூன்று அட்டைகளும் தந்தியைத் தூக்காமல் நுழைந்து, இடைவெளி அதிகம் மிஞ்சாமல் நின்றால் எஃகுத் தந்திக் கிட்டாருக்கு உயரம் சரியாக இருக்கிறது. அதில் நான்காவது அட்டையும் தாராளமாக நுழைந்தால் தந்தி மிக உயரத்தில் இருக்கிறது. அந்தக் கிட்டாரில் எவர் விரலும் வலிக்கத்தான் செய்யும். பிரிட்ஜின் மேல் தந்திகள் சாய்ந்திருக்கும் சேடில் என்ற சிறு பட்டையைத் தேய்த்து உயரத்தைக் குறைப்பது பழுது பார்ப்பவருக்குச் சிறிய வேலை. ஆனால் பெரியவர்கள் பலர் இந்த வலியைத் தங்கள் வயதின் கணக்கில் எழுதிவிட்டு, மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிறார்கள்.

தந்தியின் கனமும் கையைச் சோதிக்கும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 12 முதல் 53 வரையிலான (தந்தியின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) எஃகுத் தந்தித் தொகுதி, கிட்டாரின் மேல் மொத்தம் 70 கிலோவுக்கும் அதிகமான இழுவிசையைச் செலுத்துகிறது. 10 முதல் 47 வரையிலான மெல்லிய தொகுதியில் அது 55 கிலோ அளவுக்கு இறங்கும். கிளாசிக்கல் கிட்டாரின் நைலான் தந்திகளில் 40 கிலோ அளவுதான். எனவே எஃகுத் தந்திக் கிட்டார் வைத்திருப்பவர் முதல் ஓராண்டுக்கு மெல்லிய தொகுதியையே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். விரல் மூட்டுகளில் ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்கள் நைலான் தந்திக் கிட்டாரையே வாங்குவது நல்லது. அதன் கழுத்து சற்று அகலமாக இருப்பதால் தடித்த விரல்களுக்கும் அது வசதி. நைலானுக்கென்று செய்யப்பட்ட கிட்டாரில் எஃகுத் தந்தியை ஒருபோதும் பூட்டாதீர்கள். பலகை அந்த இழுவிசையைத் தாங்காது.

நான் வயதில் மூத்த மாணவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே செய்து தருகிற ஏற்பாடு ஒன்று உண்டு. ஆறு தந்திகளையும் வழக்கமான சுருதியிலிருந்து ஒரு முழுச் சுரம் (இரண்டு ஃபிரெட் அளவு) இறக்கிச் சேர்த்துவிட்டு, எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை இரண்டாம் ஃபிரெட்டில் மாட்டிவிடுவேன். ஒலிக்கிற சுருதி பழையதுதான். ஆனால் தந்தியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஃபிரெட்டுகளின் இடைவெளியும் சற்று நெருங்கும், இடக்கையை அவ்வளவு தூரம் நீட்டவும் வேண்டியிராது. விரல் தேறியபின் கேப்போவைக் கழற்றிவிட்டு, தந்திகளை வழக்கமான சுருதிக்கு ஏற்றிக்கொள்ளலாம். இதைக் குறுக்கு வழி என்று இளைஞர்கள் சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் பெரிய வயிறு கொண்ட ட்ரெட்நாட் வகையைத் தவிர்த்து, கான்சர்ட் அளவுள்ள சிறிய உடலைத் தேர்ந்தெடுங்கள். வலது தோள் தப்பிக்கும்.

நேரமும் இடமும்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வாசித்துவிட்டு வாரம் முழுவதும் தொடாமல் இருப்பவர், அடுத்த ஞாயிறு ஏறக்குறையத் தொடங்கிய இடத்திலேயே தொடங்குவார். கைப்பழக்கம் என்பது வாசிக்கும்போது விதைக்கப்பட்டு, இடையிலுள்ள ஓய்விலும் உறக்கத்திலும் ஊன்றுகிறது. ஆகவே அதே இரண்டு மணி நேரத்தை ஏழு நாட்களுக்குப் பங்கிட்டால் விளைச்சல் பன்மடங்காகும். நாளொன்றுக்குக் காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் என்பது பெரும்பாலோருக்குப் பொருந்துகிற அளவு. விரல் நுனியின் தோலும் அதற்கு மேல் முதல் மாதத்தில் இடம் கொடுப்பதில்லை.

அந்தப் பதினைந்து நிமிடத்தை ஏற்கெனவே இருக்கிற ஒரு பழக்கத்தின் வாலில் கட்டிவிடுங்கள். கோட்டை மைதானத்தில் நடந்துவிட்டு வந்து காபி குடிப்பவர், காபி டம்ளரைக் கீழே வைத்ததும் கிட்டாரை எடுக்கலாம். கோடையில் வேலூரில் காலை எட்டு மணிக்கு மேல் உள்ளங்கை வியர்த்துத் தந்தி வழுக்கும் என்பதால் அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. வாசித்து முடித்ததும் ஒரு பழைய பருத்தித் துணியால் தந்திகளைத் துடைத்து வைத்தால் எளிதில் துரு ஏறாது. மார்கழிக் காலையில் விரல்கள் விறைத்திருக்கும். வெந்நீரில் இரண்டு நிமிடம் கையை வைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கிட்டாரைப் பைக்குள் வைக்காமல், நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு எட்டிய தூரத்தில் ஒரு தாங்கியில் நிறுத்தி வையுங்கள். ஜிப்பைத் திறக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிப்போன நாட்கள் ஏராளம். அந்த இடத்தில் நேர் வெயில் படக்கூடாது. காரில் வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போவதும் கூடவே கூடாது.

இடக்கையும் வலியும்

தந்தியை அழுத்தும் முறையை ஒரே ஒரு சோதனையில் கற்றுக்கொள்ளலாம். மூன்றாம் தந்தியில் ஐந்தாம் ஃபிரெட்டை நடுவிரலால் தொட்டபடி, வலக்கையால் அந்தத் தந்தியை விட்டுவிட்டு மீட்டிக்கொண்டே இருங்கள். முதலில் விரலின் எடை மட்டும் தந்தியின் மேல் இருக்கட்டும். சத்தம் செத்துப்போய் 'டப்' என்று வரும். சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டினால் 'ஸ்ர்ர்' என்ற கரகரப்பு வரும். இன்னும் சற்றுக் கூட்டினால் சுரம் தெளியும். தெளிந்த அந்த இடத்தில் நின்றுவிடுங்கள், அதற்கு மேல் அழுத்துவதெல்லாம் வீண். இனி அதே ஃபிரெட்டுக்குள் விரலை உலோகப் பட்டைக்குப் பின்னாலிருந்து அரை அங்குலம் தள்ளி வைத்து ஒருமுறையும், பட்டையை ஒட்டினாற்போல் வைத்து ஒருமுறையும் இதையே செய்து பாருங்கள். பட்டையை ஒட்டி வைக்கும்போது ஏறக்குறையப் பாதி பலத்திலேயே சுரம் தெளிவதை உங்கள் காதே சொல்லும். பெரும்பாலான பெரியவர்கள் தேவைக்கு இரு மடங்கு அழுத்துகிறார்கள். கட்டை விரலால் கழுத்தின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடிப்பதும் அதனால்தான். கட்டை விரலை முழுமையாக எடுத்துவிட்டும் ஒரு சுரத்தை ஒலிக்கச் செய்ய முடியும் என்பதை அவ்வப்போது செய்து பார்ப்பது நல்ல மருந்து.

விரல் நுனியில் எரிச்சல் முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு இருக்கும். காய்ப்பு ஏறியதும் போய்விடும். அது வழக்கமான வலி. மூட்டுக்குள் குத்தும் வலி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இழுக்கும் வலி, மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொண்டு சொடுக்குடன் விடுபடுவது ஆகியவை வழக்கமானவை அல்ல. அன்றைக்கு நிறுத்திவிட்டு, தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விரல் சிக்கிக்கொள்வது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. விரல் நுனியில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் ஏற்பட்டதே தெரியாமல் போகலாம் என்பதால், வாசித்து முடித்ததும் நுனிகளை வெளிச்சத்தில் பார்த்துவிடுவது அவசியம். கொப்புளம் இருந்தால் அதை உடைக்காமல் ஆறவிடுங்கள். வீட்டில் சர்க்கரை அளவு பார்க்கிறவர்கள் இடக்கை விரல் நுனிகளில் ஊசி குத்திக்கொள்ளாமல், வலக்கை விரல்களின் பக்கவாட்டில் குத்திக்கொள்வது வாசிப்புக்கு உதவும்.

கண்ணாடி பற்றியும் ஒரு சொல். இரட்டைக் குவியக் கண்ணாடி வழியாகத் தந்திகளை எட்டிப் பார்த்தே பலருக்குக் கழுத்து வலி வருகிறது. கிட்டாரின் கழுத்தில் உங்கள் பக்கம் பார்த்த விளிம்பில் 3, 5, 7, 9, 12 ஆகிய ஃபிரெட்டுகளுக்குப் பெரும்பாலும் சிறிய புள்ளிகள் இருக்கும். அவற்றைப் பார்த்துப் பழகினால் கிட்டாரைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியதில்லை.

கார்ட் மாற்றம்

பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ஒரு கார்டைப் பிடிப்பது எளிது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாளம் தவறாமல் போவதுதான் கிட்டார். ஆகவே கார்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட ஜோடிகளாகப் பழகுங்கள், அதுவும் ஏதேனும் ஒரு விரலாவது இடம் மாறாத ஜோடிகளாக. ஏ மைனரில் ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டிலும், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டிலும், மோதிர விரல் மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டிலும் இருக்கும். அங்கிருந்து சி கார்டுக்குப் போக மோதிர விரல் மட்டும் எழுந்து ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குப் போனால் போதும். மற்ற இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கலாம். மூன்று விரல்களையும் தூக்கிவிட்டு மறுபடி வைக்கிற பழக்கம் வந்துவிட்டால் அதைப் போக்குவது கடினம். ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது விரல்களின் வடிவம் மாறாமல் முழுதும் ஒரு தந்தி கீழே இறங்குகிறது. ஜி கார்டை நான்கு விரல்களால், மோதிர விரல் இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டிலும் சுண்டு விரல் முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டிலும் இருக்குமாறு பிடித்தால், அந்த மோதிர விரலை அசைக்காமலேயே டி கார்டுக்குப் போய்விடலாம்.

பயிற்சி இதுதான். கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, ஒரு ஜோடிக்குள் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணி, நாட்குறிப்பில் எழுதிவையுங்கள். முதல் வாரத்தில் பத்து வந்தால் நல்லது. முப்பதைத் தாண்டினால் அந்த ஜோடியைக் கொண்டு பாட்டுக்குப் போகலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் தந்திகளை ஒருமுறை மீட்டிக் காதால் சரிபார்க்க வேண்டும்; ஒலிக்காத தந்தி இருந்தால் அந்த மாற்றத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஓய்வுபெற்ற கணக்கர்கள் இந்தப் பயிற்சியை மற்றவர்களைவிட ஆர்வமாகச் செய்கிறார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தாளம் நிற்கக்கூடாது

காதுள்ளவர்கள் செய்கிற பெரிய பிழை இங்கேதான் நேர்கிறது. ஒரு சுரம் கரகரத்ததும் காது திடுக்கிட்டு வலக்கையை நிறுத்திவிடும். விரலைச் சரிசெய்து, மறுபடி தொடங்கி, அடுத்த வரியில் மறுபடி நிற்பார்கள். கார்ட் மாற்றப் பயிற்சியின்போது காது கண்டிப்பாக இருக்கட்டும். பாட்டு வாசிக்கும்போது அது தாளத்தை மட்டும் கவனிக்கட்டும். பக்கத்தில் ஒருவர் பாடிக்கொண்டிருக்கையில் கார்ட் தப்பினால் அவர் தொடர்ந்து பாடுவார். தாளம் நின்றால் அவரும் நின்றுவிடுவார்.

ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை, நான்கு நான்காக எண்ணப்படும் மேற்கத்திய அளவில் இரண்டு முறைக்குச் சமம் என்பதால், நமக்குப் பழகிய கணக்கிலேயே தொடங்கலாம். தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, எண்களை வாயால் சொல்லி, காலால் தட்டி, ஒவ்வோர் எண்ணுக்கும் மேலிருந்து கீழாக ஒரே ஒரு மீட்டு. எட்டு எண்ணிக்கைக்கு ஏ மைனர், அடுத்த எட்டுக்கு சி. அது நிலைத்தபின் கீழ், கீழ்–மேல், மேல்–கீழ்–மேல் என்ற வழக்கமான அமைப்புக்கு வரலாம். கை கீழும் மேலுமாக இடைவிடாமல் அசைந்துகொண்டே இருக்க, சில இடங்களில் மட்டும் தந்தியைத் தொடாமல் போகிறது என்பதுதான் அதன் இரகசியம். திஸ்ர நடையில் உள்ள பாட்டுக்கு மூன்று மூன்றாக எண்ணுங்கள். தாலாட்டும் கும்மியும் கேட்ட காதுக்கு அது தானாகவே வந்துவிடும்.

உங்கள் கட்டைக்குக் கேப்போ

கிட்டாருடன் பாட விரும்புகிறவர்கள் தங்கள் குரலின் கட்டையை, அதாவது ஆதார சுருதியை, முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்றாம் கட்டை என்பது சி, இரண்டு டி, ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ. ஜி, சி, டி, ஈ மைனர் ஆகிய நான்கு கார்டுகளை மட்டும் நன்றாகப் பழகிய ஒருவர், கேப்போவை நகர்த்தியே பெரும்பாலான குரல்களுக்கு வாசித்துவிடலாம். ஐந்து கட்டையில் பாடும் பெண்களுக்குக் கேப்போ தேவையில்லை. ஐந்தரைக்கு முதல் ஃபிரெட், ஆறுக்கு இரண்டாம் ஃபிரெட், ஒரு கட்டையில் பாடும் ஆண்களுக்கு ஐந்தாம் ஃபிரெட். (தந்திகளை இறக்கிச் சேர்த்திருப்பவர்கள் இவற்றுடன் இரண்டைக் கூட்டிக்கொள்ளவும்.) வேலூர்த் தேவாலயங்களில் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள், பாடுகிறவர் இரண்டு சொற்கள் பாடுவதற்குள் கேப்போவை நகர்த்திவிடுவதைக் கவனித்துப் பாருங்கள். உங்களுக்கு நேரில் கற்றுத்தர ஒருவர் வேண்டுமென்றால் அவர்களில் ஒருவரைக் கேட்பதே சிறந்த தொடக்கம்; கூட்டத்துக்கு வாசித்துப் பழகியவர்களுக்குப் பொறுமை அதிகம்.

சிறுவயதில் பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சரளி வரிசையின் மாயாமாளவகௌளையை ஒரே தந்தியில் வாசிக்கலாம்: திறந்த தந்தியை ஸட்ஜமாகக் கொண்டால் 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய ஃபிரெட்டுகளில் மற்ற சுரங்கள் வரிசையாகக் கிடைக்கும். சங்கராபரணத்துக்கு 2, 4, 5, 7, 9, 11, 12. வாயால் சுரத்தைச் சொல்லிக்கொண்டே வாசித்தால் விரல் பிழையைக் காது உடனே பிடித்துவிடும். கமகத்துக்கு இப்போது ஆசைப்பட வேண்டாம்.

எஃப் கார்டும் இடைவெளிகளும்

ஆறு தந்திகளையும் ஆள்காட்டி விரலால் படுக்கப்போட்டு அழுத்தும் எஃப் கார்டில் பலர் மனம் தளர்கிறார்கள். மூட்டு வலியுள்ளவர்கள் அதை வாழ்நாள் முழுவதும் பிடிக்காமலேயே இருக்கலாம். முதல் இரண்டு தந்திகளை மட்டும் முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலால் அழுத்தி, மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃபிரெட்டை நடுவிரலாலும், நான்காம் தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டை மோதிர விரலாலும் பிடித்து, அந்த நான்கு தந்திகளை மட்டும் மீட்டினால் போதுமானது.

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே பாட்டின் ஒரே பகுதியைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்க வேண்டாம். வாசித்த கையின் எரிச்சல் அடங்கிய மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது காதின் பாதிக் கவனம் விரலில் இருக்கிறது. மறுநாள் அது முழுமையாகக் கேட்கும். திருத்த வேண்டிய ஒன்றே ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு, அந்த வாரத்தின் முதல் ஐந்து நிமிடங்களை அதற்குக் கொடுங்கள்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவது, வீட்டில் ஒரு கல்யாணம், காய்ச்சல் என்று பதினைந்து நாள், ஒரு மாதம் விட்டுப்போவது இந்த வயதில் இயல்பு. பூட்டிய வீட்டில் கோடையில் கிட்டாரை விட்டுச் செல்வதானால் தந்திகளை இரண்டு சுரம் இறக்கி, பைக்குள் போட்டு, கட்டிலுக்கு அடியில் நிழலில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் விட்ட நாட்களை ஈடுகட்ட ஒரே மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்க உட்காராதீர்கள். காய்ப்பு இளகியிருப்பதால் தோல் உரிந்துவிடும். முதல் மூன்று நாள் ஏழெட்டு நிமிடம் போதும், அதுவும் ஏ மைனருக்கும் சி கார்டுக்கும் இடையிலான அந்த ஒரு நிமிட எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை குறைந்திருக்கும். நாட்குறிப்பில் அதை எழுதிவிட்டுத் தொடருங்கள். பழைய எண்ணிக்கை திரும்ப வரும்வரை புதிய பாட்டு எதையும் எடுக்க வேண்டாம்.